அக்காவின் மாத்திரைப் பை

கல்லூரியில் அவனுக்குப் பெயரே 'சர்ஜன்'. முதல் வருடம் உடற்கூறு வகுப்பில் அவன் கத்தி பிடித்த அழகைப் பார்த்து நண்பர்கள் வைத்த பட்டம். இறுதியாண்டுப் பயிற்சிக்கு அவனைக் குடும்ப மருத்துவரிடம் அனுப்பியபோது விடுதியே சிரித்தது.

"போடா, சளிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை எழுதிட்டு வா. மூளைக்கு நல்ல ஓய்வு" என்றான் அறைத்தோழன்.

தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் கிளினிக். நடுவயதுப் பெண் மருத்துவர். முதல் வாரம் முழுக்க இருமலும் முதுகுவலியும்தான். அவனுக்குக் கொட்டாவியை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவில் குடியிருந்த அவன் அக்கா சமையலறையில் மயங்கி விழுந்தாள். படபடப்புக்கு இதய மருத்துவர், ஒற்றைத் தலைவலிக்கு நரம்பு மருத்துவர் என்று ஏற்கெனவே அலைந்துகொண்டிருந்தவள். மாமா பதறிப்போய், காதுக் கோளாறால் வந்த தலைசுற்றலோ என்று காது மருத்துவரிடமும் நேரம் கேட்டிருந்தார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அவன் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தான்.

அவளைப் பார்த்ததும் மருத்துவர், "மாமனார் எப்படி இருக்கார்?" என்றார். படுத்த படுக்கையாகிவிட்ட அந்த மனிதரை இவர்தான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ராத்திரி அவரை யாரும்மா பாத்துக்கறது?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான்தான் மேடம். நல்லா தூங்கி எத்தனை மாசம் ஆச்சுன்னே தெரியல."

கூடப்பிறந்தவன், ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

"நாடி பாருப்பா" என்றார் மருத்துவர். பார்த்தான். மிகவும் மெதுவாக ஓடியது. அக்கா பையிலிருந்த மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டினாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தவனுக்கு இரண்டில் கை நின்றது.

"மேடம், இது படபடப்புக்கு. இது தலைவலிக்கு. பேருதான் வேற. ரெண்டுமே இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை."

"அதான் சுருண்டு விழுந்திருக்காங்க. சரியா புடிச்ச."

இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு அவர் இரண்டு மருத்துவர்களிடமும் தொலைபேசியில் பேசினார். ஒரு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடிவானது. பிறகு மாமாவை வரவழைத்து, இரவில் முறை வைத்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மாமா தலையைச் சொறிந்தார். "இவ ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்."

"நீங்களும் கேக்கலையே" என்றார் மருத்துவர், சிரித்துக்கொண்டே.

சில வாரங்களில் அக்கா பழையபடி போனில் அவனைத் திட்ட ஆரம்பித்தாள். அவனுக்கு உயிர் வந்தது.

மேற்படிப்புக்கு அவன் குடும்ப மருத்துவம் கேட்டபோது அறைத்தோழன் நம்பவில்லை. "உன் மார்க்குக்கு இதுவாடா? பைத்தியம் புடிச்சிருக்கா?"

"எங்கக்கா வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியாதுடா. அந்த டாக்டருக்குத் தெரிஞ்சிருந்தது. எனக்கு அந்த வேலை வேணும்."

தோழன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "எங்கம்மாவும் பை நிறைய மாத்திரை வச்சிருக்காங்க. ஒரு தடவை கூட்டிட்டுப் போலாமா?" என்றான்.

மருத்துவருக்கு நன்றி சொல்ல அவன் வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனான். உள்ளே ஒரு குழந்தை காதுவலியில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"நல்ல நேரத்துல வந்த. தலையைக் கொஞ்சம் அசையாம புடிச்சுக்கோ" என்றார் அவர்.

அடுக்கியதெல்லாம் மறந்துபோய், மனம் நிறைந்து, பிடித்துக்கொண்டான்.