ஈரம் காயாத தலை

மலாய் நாட்டுக் காஜா பெராங் ஊரில் அந்த வருஷம் ஆண்பிள்ளைகள் ஒளியாத இடமில்லை. ஒருவன் வறண்ட கிணற்றுக்குள் இருந்தான், இன்னொருவன் அரிசியே இல்லாத அரிசிக்கடையின் மச்சில் இருந்தான். மாட்டுவண்டிக்கார மருதமுத்துவுக்கு வாய்த்தது, பக்கத்து வீட்டுச் சீனப் பெண் ஆ சூனின் பன்றிக் கொட்டகைப் பரண். கீழே இரண்டு மெலிந்த பன்றிகள், மேலே ஒரு மெலிந்த மனுஷன்.

ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். இலவசமாகப் படம் காட்டுகிறேன் என்று கூட்டி, பாதிப் படத்தில் கதவைச் சாத்தி லோரியில் ஏற்றினான் என்று ஊரெல்லாம் பேச்சு. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஆனால் மாத்தா-மாத்தாக்காரர்கள், அந்த மலாய் முஸ்லிம் போலீஸ்காரர்கள், பன்றி வாடை வருகிற வேலியைத் தாண்டமாட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வாடைதான் மருதமுத்துவைக் காப்பாற்றிவந்தது. அவன் மனைவி தவமணியைக் கேட்டால், இல்லை, கர்த்தர் காப்பாற்றினார் என்பாள்.

தவமணி பிறந்ததிலிருந்தே வேதக்காரி. மருதமுத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு வண்டி கட்டுகிற குடும்பம். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே ஜெபம்தான் செய்துவந்தாள்: இவர் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், இரட்சிக்கப்பட வேண்டும். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை ஆலய வாசலில் இறக்கிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு வெளியிலேயே நிற்பான். உள்ளே வாங்களேன் என்றால், "மாட்டை யாரு பாத்துக்கறது?" என்பான். அந்த மாட்டையும் ஜப்பான்காரன் கொண்டுபோன பிறகு அவனுக்குச் சாக்கு இல்லாமல் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போதகர் ஞானாபரணம் தவமணி வீட்டுக்கு வந்தார். நெடுநெடுவென்ற உயரம், வெளுத்த அங்கி, பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற குரல். அன்று மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை, அப்பமும் திராட்சை ரசமும் தருகிற இராப்போஜனம் வைக்கப்போகிறாராம். சண்டை தொடங்கியதிலிருந்து அது நடக்கவே இல்லை. விருப்பப்பட்டவர்களுக்கு ஞானஸ்நானமும் உண்டாம்.

"ஆம்பளைங்களக் கூட்டிட்டு வரணும்மா. பொம்பளைங்க மட்டும் வர்ற ஆலயம் ஆலயமா?"

"வெளிய வந்தா பிடிச்சிருவானுங்களே ஐயா."

"கர்த்தரோட சன்னிதியில யாரு கை வைக்க முடியும்? உன் வீட்டுக்காரர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியும். பன்னி காப்பாத்தும்னு நம்பறியா, தேவனோட வல்லமை காப்பாத்தும்னு நம்பறியா? ஒளியிறவன் விசுவாசி இல்லம்மா."

அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளும் கர்த்தர் காப்பாற்றுகிறார் என்று வாயால் சொல்லிக்கொண்டு, கையால் ஏணியை எடுத்து மறைத்து வைத்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கப்பட்டாள். போதகர் சொன்னதும் கர்த்தர் சொன்னதும் வேறு வேறாக இருக்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. காஜா பெராங் சபையில் யாருக்குமே அது தெரியாது. போதகர் வாய் திறந்தால் அது மேலேயிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கிழங்குக் கஞ்சியோடு பரணேறி விஷயத்தைச் சொன்னாள். மருதமுத்து கஞ்சியைக் குடித்து முடித்தான்.

"சாமி உன்னுது புள்ள. பயம் என்னுது."

"பயத்தையும் அவர்கிட்டயே குடுத்திருங்க. எனக்காக ஒரு தடவ. நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா, நீங்க ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமா போயிருவோமேன்னு எனக்கு ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது."

அவன் பாத்திரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மாடு போன அன்றுகூட அழாதவன், கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி. நீ சொல்றியே, அதுக்காக வர்றேன்" என்றான். தவமணி ஏணியில் இறங்கும்போது அழுதுகொண்டே இறங்கினாள். அது சந்தோஷத்தில் வந்த அழுகை. வேலியோரம் நின்ற ஆ சூன் அவளைப் பார்த்துவிட்டு, மலாயில், போகாதே என்றாள். ஆ சூனின் மகனைப் போன வருஷம் விசாரணை என்று கூப்பிட்டார்கள், அவன் திரும்பவில்லை. இவளுக்கு நம் தேவனைப் பற்றி என்ன தெரியும் என்று தவமணி நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. கிணற்றிலிருந்தும் மச்சிலிருந்தும் வந்தவர்கள் வெளிச்சம் கூசக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பத்துக்குக் கோதுமை மாவு ஏது, மரவள்ளிக் கிழங்கு மாவில் சுட்ட அடை. திராட்சை ரசத்துக்குப் பதில் செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்த தண்ணீர். ஆனாலும் பெண்களுடைய முகங்களைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீடு மாதிரி.

ஆர்மோனியப் பெட்டி மட்டும் மூடிக் கிடந்தது. போதகரின் மருமகன் ராஜரத்தினம்தான் வாராவாரம் வாசிப்பவன். தண்ணீர் இலாகாவில் குமாஸ்தா. கையில் ஜப்பான்காரன் தந்த அனுமதிச் சீட்டு இருந்ததால் ஊரில் தைரியமாக நடமாடிய ஒரே வாலிபன் அவன். ஒளிந்திருந்தவர்கள் எல்லாரும் வந்திருக்க, ஒளியத் தேவையில்லாத அவன் மட்டும் வரவில்லை. காய்ச்சல் என்றார் போதகர். தவமணிக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. நல்ல நாளில் சந்தேகப்படுவது பிசாசின் வேலை என்று அதை உடனே அடக்கிக்கொண்டாள்.

மருதமுத்து முன்னே போய் மண்டியிட்டான். தோள் துண்டைக் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டுப் போனான். புதுப் பேர் என்ன வைக்கலாம் என்று போதகர் கேட்டபோது, "இதே பேரு இருக்கட்டுங்க ஐயா. இன்னொரு பேரு வச்சா கூப்பிடறப்ப திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றான். சபையே சிரித்தது. போதகர் சிரிக்கவில்லை. மூன்று முறை கை நிறையத் தண்ணீர் அள்ளி ஊற்றினார். ஊற்றும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டதைத் தவமணி பார்த்தாள். பரிசுத்த ஆவியின் வல்லமை என்று நினைத்தாள். என்ன சொல்ல, அப்படித்தான் நினைத்தாள்.

அவன் எழுந்து திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். தலையிலிருந்து தண்ணீர் காதோரம் வழிந்தது. அப்போதுதான் வாசலில் லோரி வந்து நின்றது.

ஓடுவதற்கு வழியில்லை. பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. தினமும் திறந்தே கிடக்கிற கதவு அது. சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் இடித்து ஆண்களைப் பிரித்தார்கள். போதகர் பீடத்துப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றார். தவமணி துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். தலையையாவது துவட்டிவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. ஒரு சிப்பாய் அவளைத் தள்ளிவிட்டான். லோரியின் மேலிருந்து மருதமுத்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுகிற பார்வை இல்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவள் போதகர் வீட்டுக்குப் போனாள். திக்கித் திணறி அவர் பேசினார். ஆள் கொடுக்காவிட்டால் ஆலயத்தை இடித்துவிடுவோம் என்றார்களாம். ஆகாய விமானத் தளத்தில் கொஞ்ச நாள் வேலைதான், அரிசியும் சம்பளமும் உண்டு என்றார்களாம். அவர் நம்பிவிட்டாராம்.

"கொஞ்ச நாள் வேலதானே ஐயா?"

"அப்படித்தான் சொன்னாங்கம்மா."

"அரிசியும் உண்டு."

"ஆமா."

"அப்புறம் ஏன் உங்க மருமகன வீட்டுலயே வச்சுக்கிட்டீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் தவமணி எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆலயப் பக்கம் போகவில்லை. வீட்டில் முழங்காலிட்டாலும் வார்த்தை வரவில்லை. யாரிடம் பேசுவது? போதகர் வாயால்தானே கர்த்தரை இத்தனை வருஷம் கேட்டாள். இவர் பொய் என்றால் அவரும் பொய்யா? அப்படி நினைக்கவும் பயமாக இருந்தது, நினைக்காமலிருக்கவும் முடியவில்லை. தான் ஏமாந்துபோனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நம்பாத மனுஷனை நம்பச் சொல்லி ஏமாற்றியது அவள்தானே.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு சாயங்காலம் கொட்டுகிற மழையில் போதகரும் ராஜரத்தினமும் அவள் வாசலில் வந்து நின்றார்கள். சீட்டெல்லாம் இனிமேல் செல்லாதாம். தண்ணீர் இலாகாவில் இருந்தவர்களை மத்தியானமே பிடித்துவிட்டார்களாம். இவன் சுவரேறிக் குதித்து வந்திருக்கிறான்.

"என் மக நிறைமாசம்மா. அந்தப் பரண்..." என்றார் போதகர். மேலே சொல்ல முடியவில்லை.

அவருடைய வார்த்தைகளையே அவருக்குத் திருப்பிக் கொடுக்கத் தவமணி எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். "பன்னிக் கொட்டகையா ஐயா? ஒளியிறவன் விசுவாசி இல்லன்னீங்களே" என்றாள். சொன்ன பிறகும் ஆத்திரம் ஆறவில்லை.

போதகர் மழையிலேயே மண்டியிட்டார். அவரைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பார்வையைத் திருப்பினாள். ராஜரத்தினத்தின் தலையிலிருந்து தண்ணீர் காதோரம் வழிந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. குளிரிலும் பயத்திலும் அவன் பல் கிட்டிப்போயிருந்தது. இப்படி ஒரு தலையை ஒரு தடவை லோரியில் பார்த்தாயிற்று. இன்னொரு தடவை பார்க்க அவளால் முடியாது.

"வாங்க" என்றாள் அவனிடம். கொட்டகையில் ஆ சூன் ஒன்றும் கேட்காமல் ஏணியை எடுத்துச் சாத்தி, "நாயிக், நாயிக்" என்று அவனை ஏறச் சொன்னாள்.

"கர்த்தர் உன்னை..." என்று போதகர் கையை உயர்த்தினார்.

"அவர் பேரச் சொல்லாதீங்க. ஒரு தடவ சொன்னது போதும். வீட்டுக்குப் போய் உங்க மகளைப் பாருங்க."

பரணில் மருதமுத்து விரித்த பாய் அப்படியே கிடந்தது. ராஜரத்தினம் அதில் உட்காரத் தயங்கினான். "அக்கா, அன்னைக்கு வாசிக்க வர வேணாம்னு மாமா சொன்னாரு. ஏன்னு நான் கேக்கல" என்றான். கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா என்று அவள் துருவவில்லை. இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்தாள். அன்று மடியில் விழுந்த துண்டு. அதை அவள் இன்னும் துவைக்கவில்லை.

"தலையத் துவட்டிக்குங்க. நல்லாத் துவட்டுங்க" என்று கொடுத்துவிட்டு இறங்கினாள்.

ஆ சூன் ஏணியை எடுத்துக்கொண்டு போனாள். பன்றிகள் சேற்றில் புரண்டன. தவமணி கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். இத்தனை நாள் வராத வார்த்தை, போதகர் கற்றுக்கொடுத்த எந்த ஜெபத்தின் சாயலும் இல்லாமல், பற்களுக்கிடையிலிருந்து வந்தது.

"எனக்கு வேற யாரும் இல்ல, அதனாலதான் உன்கிட்ட பேசறேன். நீ தந்த ரட்சிப்பு அவருக்கு ஒரு நிமிஷங்கூட நிக்கல. இப்ப நீதான் போகணும், சயாமுக்கு, அவர் கூட இருக்க. உன் பேரச் சொல்லித்தான் இந்த ஏணியிலருந்து அவர எறக்கினேன்."