ஜெனிலாவுக்குப் புரிந்த ஸ்பானிஷ்

1.

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு நிச்சயமில்லை. முதல் மூன்று வரைவுகளிலும் மழையை வைத்திருந்தேன். எழுதுகிறவன் ஒளிந்துகொள்ள மழை வசதியானது. இதில் எடுத்துவிட்டேன். ஜெனிலா சிரித்தாள் என்பது மட்டும் நிச்சயம். இந்தக் கதை அந்தச் சிரிப்பிலிருந்து வந்தது.

2.

ஜெனிலாவுக்குச் சிறுவயதிலிருந்தே மொழிகள் மீது—

(விட்டுவிட்டேன். அதெல்லாம் எனக்குத் தெரியாது.)

குளச்சலில் எங்கள் தெருவிலிருந்து ஐதராபாத் போய் பி.ஏ. ஸ்பானிஷ் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். விடுமுறைக்கு வந்தால் சீண்டுவேன்.

"ஏட்டி, ஸ்பானிஷ் படிச்சி யாருட்ட பேசப்போற? ஏலத்துல கெடக்க சூர மீனுட்டயா?"

"நீ தமிழ்ல பேசி என்னத்தக் கிழிச்ச? சூரையாவது வாயத் தொறந்து மிண்டாம கேக்கும்."

அவளுக்கு ஒரு குறை இருந்தது. புத்தகம் புரியும், ஆட்கள் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே பிடி நழுவிவிடும். மூன்றாம் வருடமும் அப்படித்தான் என்று ராகேல் மைனியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

(ராகேல், என் அண்ணன் கிளீட்டஸின் மனைவி. அண்ணனுக்கு ஸ்பெயினில் மீன்பிடிக் கப்பலில் வேலை.)

3.

அண்ணன் கடலில் விழுந்துவிட்டான் என்று தகவல் வந்த நான்காம் நாள், விடுமுறைக்கு வந்திருந்த ஜெனிலா அவன் கப்பலின் துறைமுகத்துக்கு போன் போட்டாள். அவள் கை நடுங்கியது. (இல்லை. நான் கையைப் பார்க்கவில்லை.) மைனியும் நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்முனையில் ஒருவர் நெடுநேரம், வேகமாகப் பேசினார். அவள் தலையசைத்தாள். பிறகு சிரித்தாள்.

மைனி எழுந்துவிட்டாள். "இருக்காவளா மக்கா? உயிரோட இருக்காவளா?"

பதிலுக்கு நான் நிற்கவில்லை. கோயிலுக்கு ஓடினேன். எங்கள் ஊரில் நல்லதோ கெட்டதோ, கோயில் மைக்கில் சொன்னால்தான் நடந்ததாக அர்த்தம். நான் சொன்னதை உபதேசியார் மைக்கில் மூச்சுவிடாமல் சொன்னார்: கிளீட்டஸ் உயிரோடு இருக்கிறார், ஆண்டவருக்கு நன்றி. மணியும் அடித்தார்கள்.

4.

அப்போது வீட்டில் நடந்ததை மைனி ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னாள்.

"தேடுறத நிறுத்திட்டாவளாம், அக்கா."

"பின்ன எதுக்குட்டி சிரிச்ச?"

"எல்லாம் புரிஞ்சுது அக்கா. ஒரு வார்த்த விடாம. மொதல் தடவ..."

அதற்குள் மணி கேட்டது. பெண்கள் உள்ளே வந்து மைனியைக் கட்டிக்கொண்டார்கள்.

5.

ஒரு வரைவின் முடிவில் நான் திரும்ப ஓடிப்போய், அதே மைக்கில் "தப்பு என்னுது" என்கிறேன். நன்றாகவே வந்திருந்தது. நடக்கவில்லை.

நடந்தது வேறு. செய்தி பொய் என்று தெரிந்ததும், "அவ படிப்பு அரையும் குறையும். தப்பா சொல்லிட்டா" என்றது ஊர். என் காதுபடவே சொன்னார்கள். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெனிலா என்னைப் பார்த்தாள்.

உங்களிடம் வேறு முடிவு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

கிளீட்டஸ் கிடைக்கவில்லை. ராகேல் மைனி பிள்ளைகளோடு முட்டத்திலுள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெனிலா கடைசி செமஸ்டருக்குத் திரும்பவில்லை. நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறாள். நான் இதே தெருவில் இருக்கிறேன். அவளுக்கு ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.