முடிவுகள் எதுவும் இல்லை

1

இந்தக் கதை ஒரு புகாராகப் பிறந்தது. கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலி ஒன்றின் தேடல் பெட்டியைப் பற்றி, அதைச் செய்த நிறுவனத்துக்கு எழுத உட்கார்ந்தேன். 'உங்கள் சிக்கலை ஐந்நூறு எழுத்துகளுக்குள் விவரிக்கவும்' என்றது படிவம். நானூற்றுச் சொச்சம் வரை பெட்டியைத் திட்டினேன். அதற்கு மேல் என்னைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அனுப்பவில்லை.

புகாரின் சாரம் இதுதான். செயலியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் காட்டாது. பாதுகாப்புக்காகவாம். பெட்டியில் பெயரை அடித்துத்தான் எடுக்க வேண்டும். முழுப் பெயரையும் அடிக்க வேண்டும், ஓர் எழுத்துப் பிசகினாலும் 'முடிவுகள் எதுவும் இல்லை' என்று சொல்லி, அடித்ததையும் அழித்துவிடும். கிட்டத்தட்ட சரியாக அடித்தவனுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தவனுக்கும் ஒரே பதில்.

செயலி என் மனைவியுடையது, அவள் போனில் இன்னும் திறக்கிறது. பெயர்களை வைத்தவள் அவள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"மனைவி இறந்து பத்து மாதங்கள் கழித்து" (வேண்டாம். இப்படித் தொடங்கினால் வாசகர் உடனே என் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்தச் சலுகைக்கு நான் தகுதியானவன் இல்லை.)

"அவள் போன பிறகு வீட்டில்" (வீட்டில் எதுவும் நடக்கவில்லை. குழாய் சொட்டுகிறது. அது முன்பும் சொட்டியது.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: சனிக்கிழமை காலை மச்சினி வந்தாள். மனைவியின் தங்கை. போனில் ஒரு மின்னஞ்சலைக் காட்டினாள்; மனைவி தன் கணக்குக்கு மாற்று முகவரியாக இவளுடையதைக் கொடுத்திருந்தாள். மனைவி தன் குரல் பதிவுகளைச் சேமித்திருந்த இணையக் கிடங்கு, பத்து மாதமாக யாரும் உள்ளே வராததால் வியாழக்கிழமை எல்லாவற்றையும் அழிக்கப் போவதாக எழுதியிருந்தது. அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அவள் தினமும் பேசி அனுப்பியவை அவை. அத்தையின் பழைய போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்துவிட்டது. மகளின் குரல் மிச்சம் இருந்தது அந்தக் கிடங்கில் மட்டும்.*

* புதிய கடவுச்சொல் கேட்கலாமே என்பீர்கள். சரிபார்ப்பு எண் அவளுடைய போனுக்குத்தான் வரும். அந்த எண்ணை மூன்றாம் மாதமே நான் ரத்து செய்துவிட்டேன். போன் அடிக்கடி அடித்தது.

3

முதல் பிரதியில் மச்சினியை வாயாடியாக எழுதியிருந்தேன். என்னைக் குற்றம் சாட்டுவாள், அழுவாள், கதவை அறைந்து சாத்துவாள். பொய். அவள் அப்படி இல்லை. அப்படி இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

உண்மையில் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா எங்கிட்ட சொல்லியிருக்கா மாமா," என்றாள். "அம்மாவுக்குப் பேசினதோட பாஸ்வேர்ட 'ஞாபகம்'னு பேர் போட்டு வெச்சிருக்கேன்னு. அத அடிச்சுப் பாருங்க. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது."

அடித்தேன். ஞாபகம். முடிவுகள் எதுவும் இல்லை.

"இன்னொருவாட்டி."

முடிவுகள் எதுவும் இல்லை.

"என்ன இது, எத்தன தடவ கேட்டாலும் ஒரே பதில். உங்களுக்குத் தம்பியா மாமா இந்தப் பொட்டி?"

சிரித்தேன் என்று நினைக்கிறேன். நான்கு முறை அடித்தேன். நான்கு முறையும் சரியாக. "இல்ல, வேற பேர்ல இருக்கும்," என்றேன். அவள் எங்கள் இரண்டு கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "புதன்கிழமைக்குள்ள ஏதாவது தோணினா சொல்லுங்க. அம்மாகிட்ட கிடைச்சிரும்னு சொல்லிட்டேன்," என்று செருப்பை மாட்டினாள்.

முதல் முறை அடிக்கும்போதே எனக்குத் தெரியும், மனைவி அப்படி எழுத மாட்டாள் என்று. எப்படி எழுதுவாள் என்பதும் தெரியும். மச்சினியின் கண் முன்னால் அதை அடிக்க விரல் வரவில்லை.

ஏன் என்பது அடுத்த பகுதியில். (அந்தப் பகுதியை ஆறு முறை நீக்கினேன்.)

4

நான் பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். பிழை பார்ப்பது பிழைப்பு. என் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். அவளும் பள்ளியில் தமிழ் படிக்காதவள். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். கல்யாணமாகி வந்த பிறகு, அம்மாவுக்கு எழுதுவதற்கென்றே தானாக எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். போனில் தினம் இரண்டு வரி. பழக்கத்தில் எனக்கும் எழுதுவாள்.

ஒருநாள் எனக்கு வந்தது: 'சாவி எடுக்க நியாபகம் இருக்கட்டும்.'

எங்கள் அறையில் 'இந்த வாரப் பிழை' என்று ஒரு பலகை உண்டு. அந்த வாரம் பிழை எதுவும் சிக்கவில்லை. அவள் வரியைத் தட்டச்சு செய்து ஒட்டினேன். அடியில், 'நியாயத்துக்கும் ஞாபகத்துக்கும் பிறந்த பிள்ளை' என்று எழுதினேன். பக்க வடிவமைப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாருப்பா இந்தப் புலவர்?" என்று கேட்டார். "வீட்லதான்," என்றேன்.

சாவியை மறந்துவிட்டுத்தான் வந்திருந்தேன். மதியம் அதைக் கொண்டுவந்தாள். எனக்காகக் காத்திருந்தபோது பலகையைப் படித்திருக்கிறாள். நான் வந்ததும் சாவியை நீட்டினாள்.

"பேர் போட்டிருப்பீங்களோன்னு பயந்துட்டேன்," என்றாள். "போடல. நல்ல மனசு."

கோபமாகச் சொல்லவில்லை. அது கோபம்தான் என்று எழுதினால் நான் பிழைத்துக்கொள்வேன். அவள் கூசிப் போயிருந்தாள். வடிவமைப்பாளரைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் தமிழில் எழுதவில்லை. பேசிப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தாள். தனக்கென்று எழுதிக்கொண்ட குறிப்புகளில் மட்டும் பழைய எழுத்து மாறவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளும்...

5

புதன்கிழமை உணவு இடைவேளையில், அறையில் யாரும் இல்லாதபோது அடித்தேன். நி, யா, ப, க, ம். பெட்டி உடனே கடவுச்சொல்லைக் காட்டியது. அதைப் போட்டுக் கிடங்கைத் திறந்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். எல்லாவற்றையும் இறக்கி மச்சினிக்கு அனுப்பினேன். "எப்படிக் கெடச்சுது மாமா?" என்று ஆங்கில எழுத்தில் எழுதினாள். "கெடச்சுது," என்று பதில் போட்டேன்.

கதை இங்கே முடியலாம். முடிவு (அ): கணவன் பிழையோடு எழுதக் கற்றுக்கொள்கிறான். அழகாக இருக்கிறது. இந்த அழகு எனக்குச் சாதகமாக இருப்பதால் நம்பாதீர்கள்.

முடிவு (ஆ): பதிவுகளில் ஒன்று அவனுக்கானது. அதில் அவள் மன்னித்துவிடுகிறாள். அப்படி ஒன்று இல்லை. தேடினேன்.

நடந்தது வேறு. சாயங்காலம் அத்தை கூப்பிட்டார்கள்.

"குரல் கேட்டேன் மாப்ள. பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி இருக்கு. ரொம்ப நன்றிப்பா."

"சரி அத்தை."

"ஒண்ணு கேக்கணும். முன்னாடியெல்லாம் எழுதிட்டுதானே இருந்தா. திடீர்னு ஏன் நிறுத்திட்டா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியல அத்தை. வேலை அதிகமா இருந்திருக்கும்."



"அது இல்லப்பா. நான்தான் ஒருநாள் சொன்னேன், எழுத்து பொடிப்பொடியா இருக்கு, கண்ணுக்குத் தெரியலம்மான்னு. அடுத்த வாரத்துல இருந்து எழுதறதயே விட்டுட்டா. அம்மா படிக்க மாட்டேங்கிறாளேன்னு நெனச்சுட்டா போல. அத அவகிட்ட கேட்டிருக்கணும் நான். கேக்காமயே விட்டுட்டேன்."

"அதெல்லாம் இருக்காது அத்தை," என்றேன்.

6

வாசகரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். நீங்கள் இருக்கலாம், போக வேண்டாம். ஆனால் இனி எழுதுவது உங்களுக்கு இல்லை.

அத்தை, இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வரும். போனில் பொய் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்தியது உங்களால் இல்லை. என்னால். எப்படி என்று நான்காம் பகுதியில் இருக்கிறது. அதில் கதைக்காக எதையும் சேர்க்கவில்லை. பத்து மாதமாக நீங்கள் சுமந்தது என்னுடையது.

நேரில் சொல்ல வாய் வராத ஆள் நான். அதனால்தான் கதையாக எழுதி அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்பதும் தெரிகிறது. ஆகவே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். ஒருமுறைதான் மணியடிப்பேன். நீங்கள் நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வாசலில் நிற்பேன்.

அதற்கு மேல் எழுத வேண்டியது நீங்கள்.