ஜெரால்டுக்கு வைத்த பிளக்ஸ்

ஜெரால்டு நான்காவது முறையாகத் தேதி சொன்னபோது நான் நம்பவில்லை. முதல் முறை சொன்னபோது கேக் வெட்டினோம். இரண்டாவது முறை, லேப்டாப் திருட்டுப் போய்விட்டது என்றான். மூன்றாவது முறை, டிரம்ஸ் வாசிக்கிறவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றான். ஒருத்தனுடைய இரண்டாவது ஆல்பத்துக்காக ஏழு வருஷம் காத்திருந்தால் யாருக்கும் புத்தி தெளிந்துவிடும். எனக்கும் தெளிந்துவிட்டது.

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம் என்று அம்மா சொல்வாள். அப்படியெல்லாம் இல்லை. இலுப்பூரில் ஒரு டூவீலர் ஷோரூமில் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்குக் கண்டிப்பா வந்து வண்டிய எடுத்துக்குறேங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை தினமும் பார்த்தால் யாருக்கும் வரும்.

ஆனாலும் இந்த முறை அவன் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தான். இன்ஸ்டா லைவில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவ மொதல்ல நம்ம ஊர்லதான். நவம்பர் பதினாலு, சாயங்காலம் அஞ்சு மணி. இலுப்பூருக்கு நானே வந்து ஒங்க முன்னாடி உக்காந்து போட்டுக் காட்டுறேன்" என்றான். ஆல்பத்தின் பெயர் 'பொட்டல்'.

அதைக் கேட்டதும் ரீட்டா அழுதே விட்டாள். அவள் ஆவூர்க்காரி, இங்கே ஜவுளிக்கடையில் வேலை. ஜெரால்டுக்குப் பக்கத்து வீடு, சொந்தமும்கூட. ஜெரால்டின் அப்பா பங்கிராஸ் வாத்தியாரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவர்தான் அங்கே கோயில் பாடகர் குழுவுக்குப் பல வருஷம் தலைவர். தவக்காலத்தில் அவர், இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் வியாகுலப் பிரசங்கம் பாடினால் கூட்டம் விசும்புமாம். அந்த மெட்டுகளில் ஒன்றை எடுத்து, எலக்ட்ரிக் கிட்டாரில் போட்டுக் கத்தித்தான் ஜெரால்டு முதல் ஆல்பத்தை வெளியிட்டான். அதுவும் தவக்காலத்திலேயே. வாத்தியார் அன்றைக்கே அவனை வீட்டை விட்டுப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை. அவரும் அவன் பெயரை எடுக்கவில்லை.

"அப்பனுக்குப் பயந்துக்கிட்டே இவன் வர மாட்டான், பாரு" என்றேன் ரீட்டாவிடம்.

"வருவான். நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள்.

சும்மா இருக்க முடியுமா? எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். கந்தர்வக்கோட்டையிலிருந்து ஆவுடையார்கோவில் வரை அதில் ஆள் இருக்கிறது. எல்லோருக்கும் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவன் வந்தால் இந்த ஏழு வருஷமும் வீண் இல்லை. வராவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு, இலுப்பூரில் தலையைக் குனிந்துகொண்டு வண்டி ஓட்ட வேண்டியதுதான். அதனால் அவன் தப்பிக்க முடியாதபடி ஒரு காரியம் செய்தேன்.

பிளக்ஸ் வைப்பது என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது. எங்கள் குழுவில் இருக்கும் செம்மலுக்குச் சொந்தமாக பிளக்ஸ் கடை. காதுகுத்து, மஞ்சள் நீர், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பான். ஆல்பம் அட்டையையே பெரிதாக அடித்துவிடலாம் என்றான். கறுப்பு வெள்ளையில் ஜெரால்டின் முகம், கண் மூடியிருக்கும். கீழே 'பொட்டல்' என்று சென்னையில் யாரோ முள்ளுச்செடி மாதிரி எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அது எழுத்து. மற்றவர்களுக்கு முள்ளுச்செடிதான்.

"முத ஆல்பம் வந்த தேதிய எடது பக்கம் போடு, இந்தத் தேதிய வலது பக்கம் போடு. ரெண்டும் பெருசா இருக்கணும். எத்தனை வருசம் காக்க வச்சோம்னு அவனே பாத்து வெக்கப்படட்டும்" என்றேன்.

"அப்பறம் 'அனைவரும் வருக'வுக்கு எடம் பத்தாதுக்கா."

"அது எதுக்கு? மணியும் கல்யாண மகால் பேரும் போடு, போதும்."

ஷோரூமில் கூட்டமாக இருந்த நேரத்தில் படத்தைப் போனுக்கு அனுப்பினான். தீப்பெட்டி அளவில் தெரிந்தது. தேதிகள் பெரிதாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். இருந்தன. 'ஓகே' போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றும் ஆவூர் ரோட்டில் ஒன்றும் கட்டிவிட்டார்கள். நான் பஸ் ஸ்டாண்டு பக்கமே போகவில்லை. என் வீட்டுக்கும் ஷோரூமுக்கும் அது வழியில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கந்தர்வக்கோட்டை கண்ணன் குழுவில் ஒரு மெசேஜ் போட்டான். "அக்கா, ஜெரால்டு அண்ணன் எறந்துட்டாராமே, உண்மையா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எவனோ வயிற்றெரிச்சல் பிடித்தவன் கிளப்பிவிட்டிருக்கிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆவுடையார்கோவிலிலிருந்து ஷர்லி கூப்பிட்டு அதையே கேட்டாள். ஜெரால்டுக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். அவனுடைய மேனேஜருக்குப் போட்டேன், அதுவும் ஸ்விட்ச் ஆஃப்.

சரி, இது மேனேஜர் வேலைதான் என்று முடிவு கட்டினேன். ஆளைச் சாகடித்தால் பாட்டு ஓடும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பிறகு வேறொன்று தோன்றியது. உண்மையிலேயே செத்துப் போயிருந்தால்? ஆல்பம் வெளிவரும் வரை யாருக்கும் சொல்லாமல் மூடி வைத்திருந்தால்? ஏழு வருஷமாக அவனை நான் திட்டாத திட்டில்லை. பில் போட வந்தவருக்கு அடுத்தவர் வண்டியின் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் சந்தேகப்படுகிறவளுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு, அடிவரை தோண்டுவாள். கண்ணனைக் கூப்பிட்டு, "யாருடா ஒனக்குச் சொன்னா?" என்றேன்.

"பஸ்ஸுல பேசிக்கிட்டாங்கக்கா. இலுப்பூர்ல ஏறுனவங்க."

ஷர்லியைக் கேட்டேன். "எங்க அத்தைக்கு இலுப்பூர்லேருந்து போன் வந்துச்சாம்."

யாரைக் கேட்டாலும் இலுப்பூர். அப்படியென்றால் புரளி எங்கள் ஊரில்தான் பிறந்திருக்கிறது. போன வாரம்கூட, "ஏதாச்சும் பரபரப்பாப் பண்ணணும்க்கா, அப்பத்தான் கூட்டம் வரும்" என்று செம்மல் சொன்னது ஞாபகம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அவன் கடைக்குப் போனேன்.

"அவனச் சாகடிச்சுட்டியேடா!"

"என்னக்கா சொல்ற? எனக்கும் காலையிலேருந்து போன் வந்துக்கிட்டே இருக்கு. நீதான் எதையோ கெளப்பிவிட்டுட்டேன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்!"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றபோது ரீட்டா கூப்பிட்டாள்.

"சுகுணா, பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு மாலையோட பஸ் ஏறிட்டாராம். எங்கம்மா போன் பண்ணுச்சு. மகாலுக்குத்தான் கொண்டாருவாங்கன்னு சொல்லிட்டுப் போனாராம்."

"யாரு அவருக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலையாம். ரோட்டுல பிளக்ஸு வச்சிருக்காகளாமே, அதைப் படிச்சாராம்."

செம்மல் என்னைப் பார்த்தான். நான் செம்மலைப் பார்த்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தோம்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று, பஸ்ஸில் போகிறவர் பார்ப்பது மாதிரி அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை முகம். மூடிய கண். இடது பக்கம் 11.3.2018. வலது பக்கம் 14.11.2025. கீழே 'மாலை 5 மணி', மகால் பெயர், 'நண்பர்கள், இலுப்பூர்'. யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு ரோஜா மாலை வேறு போட்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மா, "பச்சப்புள்ள ஏழே வயசுலயா போச்சு? படத்துல தாடி இருக்கே" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கண்ணீர் அஞ்சலிக்கு வச்சிருக்குற ஃபைல்லயாடா அடிச்ச?"

"கறுப்பு வெள்ளையில ரெண்டு தேதின்னா கை தானா அங்கதான்க்கா போவுது. நீதான ஓகே போட்ட?"



அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டு நான் மகாலுக்குப் போனேன். இரண்டு தினுசுக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் கறுப்பு டீ ஷர்ட்டில் ஒரு பக்கம். ஆவூர்க்காரர்கள் வெள்ளை வேட்டியும் மாலையுமாக ஒரு பக்கம். கறுப்புச் சட்டையைப் பார்த்து அவர்களுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

பங்கிராஸ் வாத்தியார் முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் மாலை, கையில் ஜெபமாலை. நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"சார், ஜெரால்டுக்கு ஒன்னுமில்ல சார். அது பாட்டு வெளியிடுற பிளக்ஸு. நாங்கதான் தப்பா அடிச்சுட்டோம். இப்ப வந்துருவாரு."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நல்ல பிள்ளைம்மா நீ" என்றார். "இவன் அம்மா போனப்பவும் பள்ளிக்கூடத்துக்கு வந்து, 'ஒன்னுமில்ல சார், கொஞ்சம் முடியல, வாங்க'ன்னுதான் என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. முதல்ல எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்க?"

ஊரில் நாங்களும் அப்படித்தான் சொல்வோம். போன வருஷம் எங்கள் சித்தப்பா இறந்தபோது என் தம்பிக்கு நானே அப்படித்தான் சொன்னேன்.

"சத்தியமாச் சொல்றேன் சார்."

"அந்த முதல் தேதியப் பாத்தேன். பிறந்த தேதி இல்லையேன்னு யோசிச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சுச்சு, அது நான் அவன வீட்ட விட்டுப் போகச் சொன்ன தேதி. அன்னைக்குலேருந்து இன்னைக்கு வரைக்கும்னு அவனே எழுதி வைக்கச் சொல்லிட்டுப் போயிருக்கான். சரியாத்தான் எழுதியிருக்கான்."

அவனை வெட்கப்பட வைக்கப் போட்ட தேதி அது. "நாந்தான் சார் போடச் சொன்னேன்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதையும் நம்பவில்லை.

ஐந்து மணி ஆனது. ஜெரால்டின் போன் இன்னும் ஸ்விட்ச் ஆஃபில்தான் இருந்தது. இவன் வர மாட்டான் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது வந்துவிடு, வந்து தொலைடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆல்பம் வராவிட்டாலும் பரவாயில்லை, இந்த மனிதர் நான் சொன்னது பொய் என்று நினைத்துக்கொண்டே போகக்கூடாது. நேரம் போகப் போக, அவர் நினைப்பதுதான் சரியோ, எனக்குத்தான் யாரும் இன்னும் சொல்லவில்லையோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

வாசலில் ரீட்டா கத்தினாள்.

தொப்பலாக நனைந்து, தோளில் கிட்டார் பையோடு ஜெரால்டு நின்றான். "பஸ் ஸ்டாண்டுல என் படத்த அவுத்துக்கிட்டு இருக்காங்க. மாலையெல்லாம் கெடக்கு. யாருங்க அது பண்ணுனது?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் தானே பேசிக்கொண்டு போனான். "போன ஆன்ல வச்சிருந்தா பாதி வழியில திரும்பிருவேன்னு பயம். சென்னையிலேயே அமத்திட்டேன்." அப்புறம்தான் முதல் வரிசையைப் பார்த்தான்.

வாத்தியார் எழுந்தார். மடியிலிருந்த மாலை கீழே விழுந்தது. மெல்ல நடந்து போய் அவன் கன்னத்தைத் தொட்டார், பிறகு கையை, பிறகு மணிக்கட்டை. மணிக்கட்டை விடவே இல்லை. சின்ன வயதில் அவனைக் கோயிலுக்கு அப்படித்தான் பிடித்துக் கூட்டிப்போவாராம், ரீட்டா பிறகு சொன்னாள்.

"அந்தத் தேதிய நீ போடச் சொல்லலையா?"

"எந்தத் தேதிப்பா?"

"நான் ஒன்னையப் போகச் சொன்ன தேதி."

"அதெல்லாம் நான் ஞாபகம் வச்சுக்கலப்பா" என்றான் ஜெரால்டு.

பொய். வருஷா வருஷம் மார்ச் பதினொன்று அன்று அவன் எதையும் பதிவிடமாட்டான், லைவ் வரமாட்டான், போனும் எடுக்கமாட்டான். அட்மினுக்குத் தெரியாதா? அவன் சொன்ன பொய்களிலேயே நான் தோண்டாமல் விட்டது அது ஒன்றுதான்.

"சரி, போடு. கேப்போம்" என்று வாத்தியார் உட்கார்ந்தார், அவனையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். ஆவூர்க்காரர்கள் மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்கள். பாட்டு ஸ்பீக்கரில் இடித்தது. ஆல்பம் எப்படி என்று கேட்காதீர்கள், அன்றைக்கு எனக்குக் காதில் ஏறவில்லை. நான் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் முகத்தைச் சுளித்தார். இரண்டாவதில் ஒரு விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. மூன்றாவது முடிந்ததும், "இதுல சுருதி கொஞ்சம் எறங்குது" என்றார். ஜெரால்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

போகும்போது செம்மல், அவிழ்த்த பிளக்ஸைச் சுருட்டி, யாருக்கும் தெரியாமல் வண்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். வாத்தியார் கண்ணில் பட்டுவிட்டது.

"அதக் குடுங்க. வீட்டு முன்பக்கம் ஓடு ஒழுகுது."

"வேணாம் சார், நான் வேற நல்லதாத் தாரேன்" என்று செம்மல் கெஞ்சினான். அவர் கேட்கவில்லை. ஒரு கையில் பிளக்ஸும் மறு கையில் மகனுமாகப் பஸ் ஏறினார்.

இரண்டு நாள் கழித்து ரீட்டா ஒரு போட்டோ அனுப்பினாள். ஓட்டுக்கு அடியில் பிளக்ஸை விட்டத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். படம் வீட்டுக்குள் பார்க்கும்படி திருப்பியிருந்தார், நாற்காலியில் சாய்ந்தால் நேரே தெரியும். எனக்குத்தான் புத்தி போகாதே, பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கத் தேதி அப்படியே இருந்தது. வலது பக்கத் தேதி இருந்த ஓரத்தை மட்டும் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்.