கடைசியாக ஏறியவள்

அவள் ஓர் அலுவலகத்தின் ஆறாவது மாடியில் வீட்டு வரைபடங்கள் வரைபவள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவன் பொறுப்பில்தான் இருந்தது. மாலையில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்.

"என் ஆளு எப்படி ஓடுறான்?"

"வழுக்கிட்டுப் போறான். கண்ணு படப் போகுது."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விடுவாள். மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவள் அந்த லிஃப்டில் கால் வைக்கவே இல்லை.

மழை ஓயும் சமயத்தில் ஒரு காலை, லிஃப்டில் நல்ல நெரிசல். கடைசியாக ஏறியவள் அவள்தான். எடை கூடிவிட்டதென்று மணி அடித்தது. அத்தனை தலையும் திரும்பின. "நீங்க அடுத்ததுல வாங்க மேடம்" என்றார் ஒருவர், சிரிக்காமல்தான். இறங்கினாள். மணி நின்றது. அடித்ததைக்கூடத் தாங்கியிருப்பாள். நின்றதைத்தான் தாங்க முடியவில்லை.

தைராய்டு என்று தெரிந்து ஒரு வருடம். காலையில் மாத்திரை போட்டுவிட்டு அரைமணி நேரம் காபி குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவனும் தன் டம்ளரைத் தொடாமல் கூடவே உட்கார்ந்திருப்பான். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகிவிட்டது. உடம்புக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. "கொஞ்சம் வாயைக் கட்டேன்டி" என்றாள் அக்கா. கட்டிக் கட்டி அவளுக்குப் பசியே மறந்துபோயிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் 'குருவி' என்றுதான் கூப்பிடுவான். ஒருநாள் துணிக்கடையில் உடை மாற்றும் அறையிலிருந்து சிவந்த கண்ணோடு வந்தவள், "இனிமே அப்படிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து 'இந்தாம்மா' ஆகிவிட்டாள்.

அவள் பொய் அகப்பட்டது ஒரு சனிக்கிழமை மாலை.

"போன வாரம் லிஃப்டுக்குள்ள ஒரு குரல் வெச்சோமே, மாடி நம்பர் சொல்ற மாதிரி. எப்படி இருக்கு?"

"ரொம்ப இனிமை. அந்தப் பொண்ணு பாடுற மாதிரியே சொல்றா."

அவன் சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி நின்றான். "அது ஆம்பளைக் குரல்."

அப்புறம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. அவன் கோபப்படவில்லை. பிடரியைச் சொறிந்துகொண்டான். "நாளைக்கு அங்க எடை டெஸ்ட் இருக்கு. கூட வா."

ஞாயிற்றுக்கிழமை கட்டடம் காலியாகக் கிடந்தது. வண்டியிலிருந்த எடைக்கற்களை ஒவ்வொன்றாக லிஃப்டுக்குள் அடுக்கினான். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் வேணும். கல்லு தீர்ந்துபோச்சு. நீ ஏறு."

"விளையாடாதீங்க."

"நெசமாத்தான். எவ்வளவு எடைன்னு மட்டும் சொல்லு. அப்பத்தான் கணக்கு வரும்."

டாக்டர் எடை பார்க்கும்போதெல்லாம் அவனை வெளியே அனுப்பியவள் அவள். வீட்டு எடை மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்திருந்தாள். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எண்பத்தேழு."

அவன் விரல் விட்டுக் கூட்டினான். எடைக்கல்லுக்குக் கூட்டியது போலத்தான். "சரியா இருக்கு. ஏறு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினாள். மணி அடிக்கவில்லை.

"இப்ப நான்" என்று அவனும் ஏறினான். மணி அலறியது.

"பாத்தியா? கடைசியா ஏறின ஆளு மேலதான் பழி. ஆனா அது உள்ள இருக்கிற எல்லாத்தையும் சேர்த்துதான் கூட்டுது. அன்னைக்கு உன்னை இறங்கச் சொன்னாரே, அந்த ஆளு இறங்கியிருந்தாலும் மணி நின்னிருக்கும்."

"எனக்கும் கூட்டல் தெரியும்" என்றாள். "தெரிஞ்சும் அழுகை வருதே, என்ன பண்ண?"

அவன் வெளியே இறங்கினான். மணி நின்றது.

"நீ மேல போ. நான் படியில வரேன்."

"ஆறு மாடிங்க! மூட்டு வலிக்கப் போகுது."

"இத்தனை நாளா உனக்கு வலிக்கலையா?"

கதவு மூடியது. லிஃப்ட் நிஜமாகவே வழுக்கிக்கொண்டுதான் போனது. ஆறாவது மாடியில், சளி பிடித்த வாத்தியார் போல ஒரு குரல் "ஆறு" என்றது. இதையா இனிமை என்றோம் என்று தனியாகச் சிரித்தாள்.

படிக்கட்டுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். வெகு கீழே அவன் கை, கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறிக்கொண்டிருந்தது. நாலாவது மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"குரு..." என்றான். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

அவள் கைப்பிடியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"முழுசாச் சொல்லுங்க" என்றாள்.