காலி மேசை

"இறங்காதீங்க. மேல ஏறுங்க, உடனே."

செனோ ஒலிவாங்கியில் கத்தினாள். தரையைத் தொடவிருந்த விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கண்ணாடிகள் அதிர, மேலேறியது. அதற்குச் சற்று முன், மழை விலகிய ஒரு கணத்தில்தான் பார்த்திருந்தாள்: ஓடுபாதையின் நட்டநடுவில் ஒரு மஞ்சள் வண்டி. பாதையில் குப்பைகூளம் கிடக்கிறதா என்று பார்க்கிற வண்டி. யாரைக் கேட்டு உள்ளே போனது?

அரை மணி நேரத்தில் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிக் கீழ்த்தள அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஒலிவாங்கியைத் தொடக்கூடாது. தப்பு அவளுடையது என்றால், அதன்பிறகு எப்போதுமே தொட முடியாது.

எதிரே வண்டியோட்டி நகுமோ. இடுப்பு ஒடிய வணங்கினார். விமானியிடம், பயணிகளிடம், செனோவிடம், அங்கே இல்லாதவர்களிடமும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆனா அனுமதி குடுத்தாங்க" என்றார்.

"நான் குடுக்கல."

"மன்னிச்சுக்கணும் செனோ சான். குடுத்தாங்க." 'சான்' என்கிற மரியாதையைக்கூட விடவில்லை.

இந்த மனிதர் ஒருதரம் கத்தித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. பணிவாலேயே ஆளைக் கொல்கிறார். நடுவில் மேலதிகாரி வேறு, எதற்கும் நீயும் முதலில் ஒரு மன்னிப்பைக் கேட்டுவிடேன், பேச்சு சுமுகமாகப் போகும் என்றார். செய்யாத தப்புக்கா?

ஒலிப்பதிவைப் போட்டார்கள். அனுமதி இருந்தது. குரல் அவளுடையதல்ல; அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த ஒகிதாவுடையது.

வண்டியை ஓடுபாதைக்குள் விட்டால், மேசையில் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சிவப்புப் பலகை ஒன்றை வைத்தாக வேண்டும். அடுத்து உட்காருபவர் அதைப் பார்த்துத்தான் விமானத்தை இறக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்.

ஒகிதாவை வரவழைத்தார்கள்.

"பலகை வச்சீங்களா?" என்று செனோவே கேட்டாள்.

"வச்சேன். அதான் வாயால சொல்லல."

"அப்ப எனக்குத்தான் கண்ணு தெரியலையா?"

ஒகிதா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மேசையில காப்பி சிந்தியிருந்துச்சு. நீ வந்து உக்காரப்போற எடம். அப்படியே விட்டுட்டு எந்திரிக்கறது மரியாதையா இல்ல. துடைச்சேன்."

கால்சட்டைப் பையில் கையை விட்டு, ஈரம் காயாத கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்பைப் பிரிக்கவில்லை. பழுப்புக் கறைக்கு நடுவே, துணிக்கு உள்ளிருந்து, சிவப்பாக ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தது.