ரெட்டை மேடு

இந்தக் காலத்தில் எவனும் ஆளைப் பார்த்து நம்புவதில்லை. மிஷினைப் பார்த்துத்தான் நம்புகிறான். நானும் ஆளை நம்பாதவன்தான். அதிலும் என் மருமகனை நம்பவே மாட்டேன். அதனால்தான் உருளைக்கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவு படிந்து காயும்வரை அவன் பக்கத்திலேயே நின்றேன். ஒரு பிடி வேறு மாவு சேரவில்லை. அதற்கு நான் சாட்சி.

மாவு வாங்கும் கம்பெனிக்காரனுக்கு என் சாட்சி எதற்கு? மக்காச்சோள மாவு கலப்படம் என்று லோடைத் திருப்பிவிட்டான். எக்ஸ்ரே சோதனையில் கிழங்கு என்று வந்தால் எடுப்பானாம். இல்லையென்றால் மருமகனின் ஆலைப் பக்கமே வரமாட்டான். அவனை விட்டால் வாங்க வேறு நாதியில்லை. ஆலையை மூடினால் என் மகள் நடுத்தெருவில்.

சோதனைச்சாலைப் பெண் மாவை ஒரு சின்னக் குழியில் போட்டாள். கண்ணாடிச் சில்லால் அழுத்திச் சமப்படுத்தி, மிஷினுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். திரையில் ஒரு கோடு மேடும் பள்ளமுமாக ஊர்ந்தது.

"கிழங்குன்னா ஆரம்பத்துலயே ஒரு குட்டி மேடு வரணும் ஐயா. இதுல காணோம். நடுவுல ரெட்டை மேடு வேற. இது தானியத்தோட அடுக்கு."

"எலும்பு முறிஞ்சாத்தானே எக்ஸ்ரே? மாவுல என்னம்மா முறிஞ்சுது?"

"மாவு உள்ளுக்குள்ள எப்படி அடுக்கியிருக்குன்னு இதுல தெரியும். ஈரத்தோட அடைச்சு வச்சு சூடு ஏத்துனீங்களா?"

ஏற்றினோம். மழை விடவில்லை. மருமகன் ஈர மாவை உலர்த்தும் பெட்டியில் திணித்துக் கதவை இறுக்கினான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"அதான். அந்த ஈரச் சூட்டுல கிழங்கோட அடுக்கு தானியம் மாதிரி மாறிடும்."

"என்னையும் உள்ள வச்சுப் பூட்டுனா வாலிபனா வருவேனா?"

சிரித்தாள். மைக்ராஸ்கோப்பிலும் அவளே பார்த்தாள். "மாவு மணியெல்லாம் பெருசு பெருசா இருக்கு. சோளத்துக்கு இவ்ளோ பெருசு வராது. கிழங்குதான் ஐயா."

"அதை எழுதிக் குடும்மா."

என் எதிரிலேயே கம்பெனிக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "கதையெல்லாம் வேணாம் மேடம். எக்ஸ்ரேல வந்த கோட்டை மட்டும் அனுப்புங்க."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அனுப்பினாள்.

வெளியே மருமகன் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். "என்ன சொன்னாங்க மாமா?"

"நீ யோக்கியன்தானாம் மாப்ள. உன் மாவுதான் பொய் சொல்லுதாம்."

அவன் வாயைத் திறப்பதற்குள் நடக்க ஆரம்பித்தேன். என் கண்ணெதிரே மண்ணோடு வந்து இறங்கிய கிழங்கு. அது தானியமாகிவிட்டதாம். போங்கடா.